கண்கட்டிப் பறந்த வீரர்

தமிழும் இலக்கணமும் கற்பிப்பதையே வாழ்நாட்டொழிலாகக் கொண்ட என் போன்றோர் ஆகாயவிமானங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், இக்கட்டுரை பிறந்தது ஒரு தமிழ் வகுப்பிலேயே. சென்ற தவணையில் ஒரு நாள் எமது கல்லூரியிலே புறத்திணை இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வெட்சி முதலாகத் தும்பை ஈறாக விளக்கி, வீரனாவான் அச்சம் என்பதை அறியாதவன் என்று வழமைபோலச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, அச்சமே அறியாத ஒருவன் தன்னை நம்பி வந்தவர்களை எங்ஙனம் காப்பான் என்று கேட்டான். நல்ல வேளையாக மணி அடித்தது. மணி அடித்தபடியால் வகுப்பு முடிந்ததேயன்றி வினா முடியவில்லை.

அவ்வினாவை மனத்திற் சுமந்துகொண்டிருந்த நாட்களிலே, ஐக்கிய அமெரிக்காவின் விமானப்படைத் தளபதியாய் விளங்கிய ஜேம்ஸ் டூலிற்றில் என்பாரின் வரலாற்றை மறுபடியும் படிக்க நேர்ந்தது. இப்பெயரை இலங்கையர் ஒரு வகையில் நினைவுகூரக் கடமைப்பட்டவர்கள். 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆந் திகதி திருக்கோணமலை தாக்குண்டது. மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் ஊரைவிட்டு ஓடிய கதையை என் பாட்டனார் வாயிலாக நான் பன்முறை கேட்டிருக்கிறேன். அக்கப்பற்படை வெற்றிக் களிப்போடு தாயகம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தபோதே, ஏப்பிரில் 18 ஆந் திகதி, யாரும் எதிர்பாராத வகையில் டோக்கியோ நகரின்மேற் குண்டுகள் விழுந்தன. அவ்விமானங்களை முன்னின்று நடத்தியவரே டூலிற்றில்.

உலகம் அவரை அந்த ஒரு நாளைக்கொண்டே அறியும். என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர் வாழ்க்கையின் பிறிதொரு பகுதி. பகைவர் விமானங்களை வீழ்த்துவதிலும் பார்க்கத் தம்மவர் விமானங்கள் தாமாக வீழாமற் காப்பதற்கே அவர் நெடுங்காலம் பாடுபட்டார். படைகளின் வரலாற்றிலே இப்பணிக்குப் பரணி பாடுவார் இல்லை. ஆயினும் அதன் தேவை எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பகைவனின் நிழலும் படாத ஐக்கிய அமெரிக்க நாட்டினுள்ளேயே, பயிற்சியின்போதும் பிரயாணத்தின்போதும் நேர்ந்த விமான விபத்துகளில் அந்நாட்டு விமானப்படையினர் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர். போர்முனையைக் காணாமலே மடிந்த அந்த இளைஞர்களுக்கு எந்தத் திணையிலே துறை வகுப்பது?

டூலிற்றில் 1896 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆந் திகதி கலிபோர்னியாவைச் சேர்ந்த அலமீடா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு தச்சர். பொன் தேடிச் சென்றோர் கூட்டத்தோடு அவரும் அலாஸ்காவிலுள்ள நோம் என்னும் பனியூருக்குச் சென்றமையால், பிள்ளையின் இளமை அங்கே கழிந்தது. உருவத்திற் சிறியவர் ஆகையால் மற்றைய சிறுவர்களின் கைகளுக்குத் தப்பும்பொருட்டுச் சண்டையிடக் கற்றார்; பின்னர் குத்துச்சண்டையிலே பேர் பெற்றார். 1910 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அயலிலே நடைபெற்ற விமானக் காட்சியைக் கண்டு ஆசை மிகுந்து, சஞ்சிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்துத் தாமே ஒரு மிதவை விமானம் செய்து, அதைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தார். விமானம் நொறுங்கியது, பையன் பிழைத்தான். வான்வழியில் அவருக்கு நேர்ந்த முதல் விபத்து அதுவேயாகும்.

பல்கலைக்கழகத்திற் சுரங்கவியல் படித்துக்கொண்டிருந்தவர், 1917 ஆம் ஆண்டு நாடு போரிற் புகுந்ததும் படையிற் சேர்ந்து விமானப் பயிற்சி பெற்றார். முதன்முதலாக ஆசிரியரோடு விமானத்தில் ஏறுவதற்குக் காத்திருந்த வேளையிலேயே, தளத்தின்மேல் இரு விமானங்கள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. ஆசிரியரும் மாணவரும் ஓடிச்சென்று சிதைவுகளினிடையே செய்யத்தக்கதைச் செய்துவிட்டுத் திரும்பிவந்து, குறித்தபடி பறக்கச் சென்றனர். அக்காலப் படையின் மனப்போக்கை இச்சம்பவம் நன்கு காட்டும். விபத்து என்பது மழை பெய்வதுபோல, வெயில் எறிப்பதுபோல, விமானத் தொழிலோடு பிறந்த ஒன்று, விழுந்தவன் விதி முடிந்தது, மற்றவன் ஏறவேண்டும். ஏன் விழுந்தது என்று கேட்பவன் கோழை எனப்படுவான் என்ற அச்சம், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்திலும் பெரிதாயிருந்தது.

இளமையில் டூலிற்றிலும் அம்மனப்போக்கிற்கு விலக்கானவரல்லர் என்பதை மறைத்தல் ஆகாது. விமானம் தரையிறங்கும்போது சில்லுகளை இணைக்கும் அச்சின்மேல் உட்கார்ந்திருப்பேன் எனப் பந்தயங்கட்டி, அவ்வாறே செய்து, ஒரு மாதம் பறக்கலாகாது என்று தண்டிக்கப்பட்டவர் அவர். அத்தகைய குறும்பர் எவ்வாறு மாறினார் என்பதே அவர் வரலாற்றின் சுவைமிக்க பகுதி.

1922 ஆம் ஆண்டு, அமெரிக்கக் கண்டத்தைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஒரு பகலிரவுப் பொழுதினுள்ளே கடக்க அவர் முயன்றார். ஓகஸ்ட் மாதத்தில், புளோரிடாக் கடற்கரையிலே கூட்டம் பார்த்துநிற்க விமானத்தைக் கிளப்பியபோது, சில்லு மென்மணலிற் புதைந்து விமானம் அலைகளிற் கவிழ்ந்தது. நாணத்தோடு எழுந்த அவர், குறையைத் தம்மிடமே தேடினார். அடுத்த மாதம் மீளவும் புறப்பட்டு, இடையே ஓரிடத்தில் மாத்திரம் இறங்கி, 21 மணி 19 நிமிடத்திற் சான் டியேகோ சேர்ந்தார். அவ்விரவிலே புயலும் இருளும் சூழ்ந்தபோது அவருக்கு வழித்துணையாயது, விமானம் திரும்புகின்றதா சரிகின்றதா என்று காட்டும் ஒரு சிறு கருவி. அது இல்லையாயின் தாம் நிலைதடுமாறியிருக்கக்கூடும் என்பதை அவர் உணர்ந்தார். தம் திறமையைக் கண்டு உலகம் வியந்த வேளையில், அவர் தம் திறமையின் எல்லையைக் கண்டுகொண்டார்.

பின்பு மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1924 இல் முதுமாணிப் பட்டமும் 1925 இல் விமானப் பொறியியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். முதல் ஆராய்ச்சிக்காக, விமானம் எத்துணை விசையைத் தாங்கும் என்று அறியும்பொருட்டு, ஈர்ப்பு விசையின் ஏழு மடங்கிற்கும் மேலான சுமை ஏறும்வரை ஒரு விமானத்தைப் பாயவிட்டு எழுப்பினார். இறங்கியபின் பார்த்தபோது இறக்கை முறியுந் தறுவாயிலிருந்தது. இரண்டாம் ஆராய்ச்சி, காற்றின் வேகம் நிலத்திலிருந்து மேற்செல்லச் செல்ல மாறும் விதம் பற்றியது. நிலமும் தொடுவானமும் கண்ணுக்குப் புலப்படாத வேளையிலும், காற்று எப்பக்கத்திலிருந்து வீசுகின்றது என்பதைத் தம் உடம்பே உணர்த்திவிடும் என்று விமானிகள் பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை வெறும் மயக்கம் என்பது அவர் செய்த சோதனைகளாற் புலனாயிற்று.

இம்மயக்கத்தைச் சற்று விளக்குதல் நன்று. எமது செவியினுள்ளே நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. தலை சுழலும்போது அந்நீர் பின்தங்குவதனாலே சுழற்சியை உணர்கின்றோம். ஒரே வேகத்தில் நெடுநேரம் சுழன்றால், நீரும் உடன்சுழலத் தொடங்கிவிடும். அப்போது நேரே செல்வதாகவே தோன்றும். சுழற்சியை நிறுத்தினாலோ, எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். முகிலினுள் அகப்பட்ட விமானி இப்பொய்யுணர்வை மெய்யென நம்பி விமானத்தைத் திருத்தப் புகுவான். திருத்தந்தோறும் பிழை பெருகும். சுருள் சுருளாகக் கீழிறங்கி நிலத்தில் மோதுவான். கெட்டிக்காரனுக்கும் இதுவே கதி. மறம் மிக்க நெஞ்சு உடையவனுக்கும் காதினுள்ளிருக்கும் நீர் ஒன்றுதான்.

ஆனாற் படையினரிடையே நல்ல விமானி என்பான் ஆசனத்திலிருந்தே விமானத்தின் போக்கை உணர்பவன் என்பது வேதவாக்காயிருந்தது. கருவிகளை நோக்கிப் பறப்பவன் கைகாரன் அல்லன் என்ற இகழ்ச்சியும் இருந்தது. இவ்விகழ்ச்சிக்கு அஞ்சாமல், 1926 ஆம் ஆண்டு முதலாகவே, சுழலும் நாற்காலியில் விமானிகளைக் கண்கட்டி இருத்தி அவர்களது உணர்வு பொய்க்கும் என்பதை மெய்ப்பித்துக் காட்டிய வில்லியம் ஒக்கர் என்னும் படையதிகாரியை, மேலோர் ஐயக்கண்கொண்டே நோக்கினர். உண்மை சொன்னவன் பட்ட துன்பத்தையும் இவ்வரலாற்றில் ஓர் ஓரத்திலாவது குறித்துவைத்தல் வேண்டும்.

கூகன்ஹைம் அறநிதியத்தின் பொருளுதவியோடு, நியூயோர்க்கின் அயலிலுள்ள மிச்செல் தளத்தில், மூடுபனியிற் பறக்கும் வழியை ஆராயும் பொறுப்பு டூலிற்றிலிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவ்வாராய்ச்சி நடந்த காலத்திலேயே அவர் ஒருமுறை உயிர்தப்பினார். 1929 ஆம் ஆண்டின் முற்பகுதியில், பவலோ நகரிலிருந்து வேறொரு விமானத்தில் இரவிலே திரும்பும்போது, எல்லாத் தளங்களையும் மூடுபனி மூடிவிட்டது. எரிபொருள் தீருந் தறுவாயில், நியூ யேர்சியில் ஒரு வெளியிலே இறங்கி, மரமொன்றில் இறக்கையை மோதவிட்டு வேகத்தைத் தணித்து உயிர்பிழைத்தார். ஆராய்ச்சி விமானத்தில் இருந்த புதிய கருவிகள் அன்று ஏறிவந்த விமானத்தில் இருக்கவில்லை. பாதுகாப்பை ஆராய்பவரே அப்பாதுகாப்பின்றிப் பிரயாணஞ் செய்தார் என்பது எண்ணத்தக்கது.

1929 செப்ரெம்பர் 24 ஆந் திகதி அவருடைய முயற்சி கைகூடியது. அவருடைய இருக்கை முழுவதையும் சீலைக் கூடாரம் ஒன்று மூடியது. வெளியே ஒரு துளியும் தெரியாது. ஸ்பெரியின் செயற்கைத் தொடுவானமும் திசைகாட்டும் சுழலியும், கோல்ஸ்மனின் நுண்ணிய உயரமானியும், வானொலிச் சைகையுமே அவருக்குக் கண்களாயின. முன்னிருக்கையில் இருந்த இளம் அதிகாரி பென் கெல்சி, ஆபத்து நேர்ந்தாலன்றித் தொடேன் என்பதற்கு அடையாளமாக, தம் கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். டூலிற்றில் விமானத்தைக் கிளப்பி, சுற்றிவந்து, பதினைந்து நிமிடம் அளவிற் புறப்பட்ட இடத்திலேயே இறக்கினார். புறப்பாடு முதல் இறக்கம்வரை முழுவதும் கருவிகளை மாத்திரம் நோக்கிச் செய்யப்பட்ட முதற் பறப்பு இதுவெனப்படும். அன்று அவர் வென்றது மூடுபனியை மட்டுமன்று. கைகாரனுக்குக் கருவி வேண்டா என்ற அகந்தையையும் அன்றே வென்றார் என்று நான் முதலில் எழுதினேன். பின்பு அவ்வரியை அடித்துவிட்டேன். அது வெல்லப்படவில்லை என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டும்.

1934 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், சனாதிபதி றூஸ்வெல்ற், விமானக் கம்பனிகளோடு செய்த தபால் ஒப்பந்தங்களை இரத்துச் செய்து, தபாலைச் சுமக்கும் பணியைப் படையிடம் கொடுத்தார். படைத் தலைமை தயங்காமல் ஏற்றது. எம்மால் இயலாது என்று சொல்லுதல் படைக்கு இழுக்கு அன்றோ! கடும் மாரி, பனிப்புயல், இராப்பறப்பு. விமானிகளிற் பெரும்பாலார் கருவிகொண்டு பறக்கும் பயிற்சி போதியவளவு பெறாதவர்கள். விமானங்கள் பல திறந்த இருக்கையுடையன. வேண்டிய கருவிகள் இல்லாதன. சில மாதங்களுள் 66 விபத்துகள் நேர்ந்தன. பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் இறந்தனர். டூலிற்றில் கண்கட்டிப் பறந்து காட்டி நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. காட்டியவரும் அதே படையைச் சேர்ந்தவரே. அறிவு ஒருவரிடம் இருந்தது, அமைப்பினிடம் இல்லை. ஏட்டிலிருக்கும் அறிவு நாள்தோறும் செய்யும் பழக்கமாக மாறாதவரை, அஃது எவரையும் காப்பதில்லை.

அவ்வழிவை ஆராயும்பொருட்டு, முன்னாட் போரமைச்சர் நியூற்றன் பேக்கர் தலைமையில் அமைந்த குழுவிலே டூலிற்றிலும் அங்கத்தவராயினார். விமானிகளுக்குக் கருவிப் பயிற்சியையும் பறக்கும் நேரத்தையும் பெருக்கவேண்டுமென்று குழு கூறியது. விமானப்படை தனிப்படையாதல் வேண்டும் என்ற கருத்தை அவர் மட்டும் தனியாக எழுதிவைத்தார். பெரும்பான்மையோடு ஒத்துப்போவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. அதற்கு அடுத்த ஆண்டிலே, 1935 ஒக்ரோபர் 30 ஆந் திகதி, ஒகையோவிலுள்ள றைற் தளத்தில், போயிங் கம்பனியின் புதிய பெருவிமானம் ஒன்று, வாற்பகுதியிலுள்ள பூட்டை நீக்க மறந்தமையால், எழுந்தவுடனே விழுந்து எரிந்தது. செலுத்தியவர் மேஜர் ஹில் என்னும் மிகத் தேர்ந்த சோதனை விமானி. இயந்திரம் இனி ஒருவரின் நினைவாற்றலுக்கு அடங்காது எனக் கண்டு, புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் பட்டியல் முறை அதன்பின் வழக்கத்துக்கு வந்தது. ஓர் ஏட்டைப் பார்த்து வாசிப்பதைத் தேர்ந்த விமானி இழிவாகக் கருதாத நாளே, அறிவு பழக்கமாக மாறத் தொடங்கிய நாள்.

இதற்கிடையில் டூலிற்றில் 1930 இற் படைச்சேவையிலிருந்து விலகி, ஷெல் எண்ணெய்க் கம்பனியிற் கடமையேற்றிருந்தார். 1932 இல், ஜீ பீ என்னும் மிகக் கொடிய பந்தய விமானத்தை ஓட்டி, கிளீவ்லண்ட் நகரிலே தொம்சன் கிண்ணத்தை வென்றார். அப்பந்தயத்தின்போது, அவர் விழுந்தால் முகம் எவ்வாறு மாறும் என்று படமெடுப்பதற்காகச் சிலர் அவருடைய மனைவியையும் மைந்தர்களையும் சூழ்ந்து நின்றனர் என்பதைப் பின்னர் அறிந்து வெகுண்டார். வெற்றியின் உச்சியில் நின்றபோதே பந்தயங்களைக் கைவிட்டார். பெறும் பயனுக்கும் கொடுக்கும் உயிருக்கும் கணக்குச் சரிவரவில்லை என்பதே அவர் முடிபு.

போர் மூண்டபின் மறுபடியும் படைக்கு வந்த அவரிடம், 1942 ஆம் ஆண்டிலே, தலைமைத் தளபதி ஆணல்ட் ஒரு சிக்கலைக் கொடுத்தார். மாட்டின் கம்பனி செய்த பி-26 மாரோடர் என்னும் குண்டுவீச்சு விமானம் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. இறக்கை சிறியது; இறங்கும் வேகம் மிகப் பெரியது. புளோரிடாவிலுள்ள தம்பா விரிகுடாவிலே நாளுக்கொன்று விழும் என்று கதை கட்டினார்கள். கைம்பெண்களை உண்டாக்கும் விமானம் என்று பெயருஞ் சூட்டினார்கள். இளம் விமானிகள் அதில் ஏற நடுங்கினர். இவ்விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிடுவதா என்பது வினா.

இவ்விடத்திலே அவர் செய்ததை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்கிறேன். விமானிகளைக் கோழைகள் என்று அவர் ஏசவில்லை. அவர்களுடைய அச்சத்தை அப்படியே வேதமாகக் கொள்ளவுமில்லை. விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்த்தார். இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றாற் பிழைக்க வழியில்லை, நின்ற எஞ்சின் பக்கமாகத் திரும்பினாற் சாவு நிச்சயம் என்பன விமானிகளின் உறுதியான நம்பிக்கைகள். அவர்கள் பார்த்துநிற்க, துணைவிமானியும் இல்லாமல் ஏறி, நிலத்தைவிட்டு எழும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி, நின்ற எஞ்சின் பக்கமாகவே திரும்பி, தளத்தைச் சுற்றிவந்து இறங்கினார். அவர் கண்ட முடிபு இது: விமானத்தில் தீராத குறையில்லை, குறை அதனைச் சூழ்ந்த ஏற்பாட்டில் இருந்தது. சிறிய பயிற்சி விமானங்களிலிருந்து நேரே இளைஞர்கள் இதற்கு மாற்றப்பட்டார்கள். கற்பித்தவர்களும் அண்மையிற் கற்றவர்களே. இயந்திரங்களைப் பேணியவர்களுக்கும் அனுபவம் போதாது. காற்றாடி அலகின் கோணத்தை மாற்றும் மின்கருவி சரியாகப் பேணப்படாதபடியால் எழும்போதே கைவிட்டது. பின்னர் அவருடைய உதவியாளர் வின்சென்ற் பேணற் பயிற்சித் தளங்கள்தோறுஞ் சென்று, விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டும் முறையை ஓட்டியே காட்டினார். விமானத்திற் சில திருத்தங்களும் செய்யப்பட்டன. பிற்காலத்தில், ஐரோப்பியப் போர்முனையிலே, இதே மாரோடரின் இழப்பு வீதம் நூற்றுக்கொன்றிலும் குறைந்தது. கைம்பெண்களை உண்டாக்குவதாக இகழப்பட்ட அதனை, அந்நாட்டுப் பெண் விமானிகளே பயிற்சிப் பணிகளுக்காக ஓட்டினர்.

வாசகர்கள் பொறுத்துக்கொண்டால், என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன். முப்பது ஆண்டுகளின் முன், நான் ஆசிரியனாகிய முதல் ஆண்டில் நடந்தது. யுத்தகாலம், மின்சாரம் இல்லை, பாடசாலைக் கிணற்றில் மாணவர்கள் முறைவைத்துக் கப்பியால் நீரிறைப்பார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, கப்பி கட்டியிருக்கும் குறுக்குமரம் உளுத்துவிட்டதென்று சொன்னான். வேலைக்குக் கள்ளமடிப்பதற்கு நியாயந் தேடுகிறான் என்று எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் அவனை ஏசி அனுப்பினேன். கிணற்றடி அங்கிருந்து ஐம்பது அடி தூரந்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வேறொரு பையன் இறைக்கும்போது மரம் முறிந்து கையில் விழுந்தது. முறிவு பொருந்தியது, ஆனாற் கை நேராகவில்லை. இதிலும் என்னை வருத்துவது ஒன்றுண்டு. முறியுமுன்னே அம்மரத்தின் நிலையை அறிந்திருந்த பிள்ளைகள் வேறும் ஐந்தாறு பேர் இருந்தார்கள் என்பது பின்பு தெரிந்தது. முதல்வன் பட்ட ஏச்சைக் கண்டபின் அவர்கள் வாய் திறக்கவில்லை. நான் ஒருவனை ஏசினேன். அறுவரின் வாயை அடைத்தேன். டூலிற்றில் ஏறிப் பார்த்தார். நான் ஐம்பது அடி நடக்கவில்லை.

டோக்கியோத் தாக்குதலின் கதையை யாவரும் அறிவர். எனவே சுருங்கச் சொல்வேன். கப்பலிலிருந்து எழுவதற்கென ஆக்கப்படாத பதினாறு பி-25 விமானங்கள், எண்பது தொண்டர்கள். புளோரிடாவில் எக்லின் தளத்திலே, குறுகிய தூரத்தில் எழும் வித்தையைக் கடற்படை அதிகாரி ஒருவரிடம் அவர்கள் பயின்றனர். வேண்டாத சுமையெல்லாம் கழிக்கப்பட்டு, எரிபொருளுக்கு இடமாக்கப்பட்டது. விரும்பாதவன் எந்நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், அதனால் இழுக்கில்லை என்று டூலிற்றில் அறிவித்திருந்தார். பகைவரின் காவற்படகு கப்பலைக் கண்டுகொண்டமையால், குறித்த வேளைக்குப் பல மணி நேரம் முன்னதாகவே எழ நேர்ந்தது. எல்லோர்க்கும் முன்னே, எல்லோரிலும் குறுகிய தளத்திலிருந்து, அவரே எழுந்தார். இலக்குகள் தாக்கப்பட்டன, ஆனால் விமானங்களில் ஒன்று சோவியத் நாட்டில் இறங்க, எஞ்சிய பதினைந்தும் சீனாவிலும் அதன் கரையிலும் விழுந்தழிந்தன. மூவர் அப்போதே இறந்தனர். எண்மர் பிடிபட, அவருள் மூவர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறையில் மாண்டார். விமானிகளுக்கு அடைக்கலங் கொடுத்த சீனக் கிராமங்கள்மீது யப்பானியர் தீர்த்த வஞ்சத்தில் மடிந்தோர் தொகை மிகப் பெரிது. தம் விமானத்தின் சிதைவருகே இருந்து, தமக்குப் போர்மன்ற விசாரணையே காத்திருக்கிறதென்று டூலிற்றில் எண்ணினார். கிடைத்ததோ நாட்டின் அதியுயர் வீரப் பதக்கம்.

1944 ஆம் ஆண்டு தொடக்கத்தில், இங்கிலாந்திலிருந்த எட்டாவது விமானப்படையின் தலைமை அவரிடம் வந்தது. வந்த சில நாட்களுள், தளங்களை முகில் மூடப்போகிறதென்ற எச்சரிக்கையைக் கேட்டு, சென்றுகொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்களைத் திருப்பியழைத்தார். மேலதிகாரியாகிய ஸ்பாற்ஸ் அவருடைய துணிவை ஐயுற்றார். பின்னொரு நாள் இருவரும் ஒரே விமானத்திற் சென்றபோது வானம் மூடிக்கொள்ள, வயலொன்றிலே அரும்பாடுபட்டு இறங்க நேர்ந்தது. அதன்பின் ஸ்பாற்ஸ் தாம் சொன்னதற்கு வருந்தினார். அணிக்கு முன்னே சென்று வானிலையைப் பார்த்துச் சொல்லும் சிறுவிமானக் குழுக்களுக்கும் டூலிற்றிலின் ஆதரவு கிடைத்தது. எனினும் அவரை அருளாளராகவே வரைவது நேர்மையாகாது. ஒரு விமானிக்குரிய போர்ப்பறப்புகளை 25 இலிருந்து 30 ஆக உயர்த்தியவரும் அவரே. அதன்பொருட்டு அவரை வெறுத்தவர்கள் பலர். போர் போரே. அதன் தேவைக்காக உயிர்களைக் கேட்க அவர் பின்வாங்கவில்லை. தேவையின்றி ஓர் உயிரையும் வீணாக்க அவர் உடன்படவில்லை.

போருக்குப் பின்னும் இக்கவலை அவரைவிட்டு நீங்கவில்லை. நியூ யேர்சியில் எலிசபெத் என்னும் நகரிலே, 1951 டிசெம்பர் தொடக்கம் 1952 பெப்ரவரி வரையான இரண்டு மாதங்களுள் மூன்று பிரயாண விமானங்கள் குடிமனைகளிடையே விழுந்தன. சனாதிபதி ட்றூமன் நியமித்த ஆராய்ச்சிக் குழுவிற்கு டூலிற்றிலே தலைவர். ஓடுபாதைகளின் அந்தங்களிலே வீடுகளின்றி வெளிநிலம் விடவேண்டும் என்பது அக்குழுவின் விதப்புரைகளில் ஒன்று. ஆகாயத்தில் நிகழும் விபத்திற்கு நிலத்திலும் காரணம் தேடவேண்டும் என்று கண்டது அவருடைய நோக்கின் விரிவைக் காட்டும். 1993 செப்ரெம்பர் 27 ஆந் திகதி, தம் தொண்ணூற்றாறாம் வயதிற் கலிபோர்னியாவிலே காலமானார். அவரோடு பறக்கத் தொடங்கியவர்களுள் எத்தனையோ பேர் இருபத்தைந்து வயதையுங் காணவில்லை. ஆர்லிங்டன் மயானத்தில், மனைவியார் யோசபீனின் அருகில் அடக்கஞ்செய்யப்பட்டார்.

இனி என் மாணவனின் வினாவிற்கு வருவேன். திருவள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திலே, அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் செயலாக வைத்தார். அதை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நான், புறத்திணை வகுப்பிற்குள் நுழையும்போது வெளியே விட்டுவிட்டேன் போலும். வீரன் அச்சமறியாதவன் என்று நான் சொன்னது பிழை. அச்சத்தை எடுத்துச் சொன்னவனை இகழாமல், தானே சென்று பார்த்து, மெய்யாயின் திருத்துபவனும் பொய்யாயின் தெளிவிப்பவனும் அவன். தலைவனொருவன் அப்படி இருந்தால் மட்டும் போதாது. அவன் போனபின்னும் அவ்வழக்கம் நிலைக்கவேண்டும். 1934 இல் இறந்த தபால் விமானிகள் அதற்குச் சாட்சி.

அடுத்த வகுப்பில் இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொன்னேன்; கிணற்றடிக் கதையையும் மறைக்காமற் சொன்னேன். பின்பு, கல்லூரியில் உடைந்திருப்பவை, உடையப்போபவை, பிழையாயிருப்பவை எவையென்று ஒவ்வொருவரும் ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டேன். மாடிப்படியின் கைபிடி ஆடுகிறது என்று நால்வர் எழுதியிருந்தார்கள். நான் நாள்தோறும் பிடித்து ஏறும் கைபிடி அது. அன்றைக்கே தச்சருக்குச் சொல்லியனுப்பினேன். பின்வரிசை மாணவனின் துண்டில் வேறொன்று இருந்தது. முந்திய கிழமை கரும்பலகையில் நான் பிரித்துக் காட்டிய ஒரு புணர்ச்சி பிழையென்று, சூத்திர எண்ணோடு குறித்திருந்தான். வீட்டுக்குச் சென்று நூலை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதே சரி.